மார்கழி மலையேற்றம்: அப்பா, அம்மாவோட சேர்ந்து பல வருட இலக்கை முடிப்பது எப்படி? கல்வராயன் முதல் வின்சன் வரை முழு விவரம்

2024 டிசம்பர் 24. சிலி நாட்டு நேரப்படி மாலை 5.20 மணி. அண்டார்டிகாவின் மிக உயரமான வின்சன் சிகரத்தின் உச்சியில் 17 வயது பிளஸ் டூ மாணவி ஒருவர் ஏறி நின்றார். அவர் பெயர் காம்யா கார்த்திகேயன். அவரோடு சேர்ந்து ஏறியவர் அவரது அப்பா, இந்தியக் கடற்படை அதிகாரி கமாண்டர் எஸ்.கார்த்திகேயன்.

அந்த ஒரு ஏற்றத்தோடு, ஏழு கண்டங்களின் மிக உயரமான ஏழு சிகரங்களையும் தொட்ட உலகின் மிக இளம் பெண் என்ற பெருமை காம்யாவுக்குக் கிடைத்தது. செய்தியாக இதை நாம எல்லோரும் படித்திருப்போம். ஆனால் அதற்குப் பின்னால் ஏழு வருட உழைப்பு இருக்கிறது. முதல் சிகரத்தில் ஏறும்போது அவருக்கு 10 வயது. கடைசிச் சிகரத்தில் 17. இந்த ஏழு வருடத்தில் மகள் வளர்ந்தார், அப்பாவுக்கு வயது கூடியது. பெற்றோரோடு சேர்ந்து ஒரு நீண்ட கால இலக்கை எடுத்தால் வரும் பெரிய சிக்கலே இதுதான். பிள்ளையின் உடம்பு ஏறுமுகம், பெற்றோரின் உடம்பு இறங்குமுகம். இரண்டும் ஒத்துப்போகும் காலம் கொஞ்சம்தான்.

கள்ளக்குறிச்சியில் இருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே அப்பாவோடோ அம்மாவோடோ ஏறிப் பார்க்கணும் என்ற ஆசை இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் உண்டு. 'அடுத்த லீவுக்குப் போலாம்' என்று தள்ளிப்போட்டே வருடம் ஓடிவிடும். அந்த ஆசையை ஒரு திட்டமாக மாற்றுவது எப்படி? ஏன் மார்கழி, தை? எந்த மலையில் தொடங்கலாம்? எப்போது திரும்ப வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காம்யாவின் பயணம் எப்படித் தொடங்கியது?

எடுத்த எடுப்பிலேயே எவரெஸ்ட்டில் இல்லை. மூன்று வயதில், மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கம் உள்ள சஹ்யாத்ரி மலைகளில்தான் காம்யா நடக்கத் தொடங்கினார். ஏழு வயதில் உத்தராகண்டின் சந்திரசிலா. அது சுமார் 12,000 அடி. ஒன்பது வயதில் ரூப்குண்ட், எவரெஸ்ட் அடிவார முகாம் என உயரம் கூடிக்கொண்டே போனது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பக்கத்து மலை, அப்புறம் இமயமலையின் சிறிய சிகரம், அப்புறம் அடிவார முகாம், அதற்குப் பிறகுதான் பெரிய சிகரங்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த படி.

ஏழு சிகரங்கள் எவை?

- கிளிமஞ்சாரோ, ஆப்பிரிக்கா: 5,895 மீட்டர். காம்யா 2017ல் ஏறினார்.
- எல்ப்ரஸ், ஐரோப்பா: 5,642 மீட்டர். 2018.
- கோசியஸ்கோ, ஆஸ்திரேலியா: 2,228 மீட்டர். 2018.
- அகோன்காகுவா, தென் அமெரிக்கா: 6,961 மீட்டர். 2020 பிப்ரவரி 1.
- டெனாலி, வட அமெரிக்கா: 6,190 மீட்டர். 2022.
- எவரெஸ்ட், ஆசியா: 8,849 மீட்டர். 2024 மே 20, நேபாளம் வழியாக, அப்பாவோடு சேர்ந்து.
- வின்சன், அண்டார்டிகா: 4,892 மீட்டர். 2024 டிசம்பர் 24.

இந்தப் பட்டியலை முதன்முதலில் முடித்தவர் அமெரிக்கரான டிக் பாஸ். அது 1985ல். ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோவுக்குப் பதிலாக இந்தோனேசியாவின் கார்ஸ்டென்ஸ் பிரமிடைச் சேர்க்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் இரண்டு பட்டியல்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

பெற்றோரோடு சேர்ந்து இந்தப் பட்டியலை முடித்ததில் இன்னொரு பிரபலமான பெயர் ஜோர்டன் ரோமெரோ. இந்த அமெரிக்கச் சிறுவன் 2010 மே மாதம் 13 வயதில் அப்பாவோடு எவரெஸ்ட் ஏறினார். 2011 டிசம்பர் 24 அன்று 15 வயதில் வின்சனோடு பட்டியலை முடித்தார். 13 வயதுப் பிள்ளையை எவரெஸ்ட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று அப்போது உலகம் முழுக்க விவாதம் நடந்தது. எவரெஸ்ட் ஏற நேபாளத் தரப்பில் குறைந்தபட்ச வயது 16. காம்யா ஏறியதும் 16 வயதில்தான்.

டிசம்பர் என்றால் அண்டார்டிகாவிலும் குளிர்காலமா?

இல்லை. நமக்கு மார்கழி என்றால் பூமியின் தென்பாதிக்குக் கோடைகாலம். டிசம்பரில் வின்சன் சிகரத்தில் சூரியன் மறைவதே இல்லை, 24 மணி நேரமும் வெளிச்சம்தான். ஆனாலும் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை போகும். அது அங்கே கோடை! பிப்ரவரியில் ஏறும் அகோன்காகுவாவுக்கும் அதே கணக்குதான்.

அப்படியென்றால் மலையேற்ற உலகில் 'குளிர்கால ஏற்றம்' என்று எதைச் சொல்கிறார்கள்? இமயமலை, காரகோரம் பகுதிகளில் டிசம்பர் 21 வாக்கில் தொடங்கி மார்ச் 20 வாக்கில் முடியும் காலத்தில் ஏறுவதைத்தான். சாதாரணமாக எவரெஸ்ட்டில் மே மாதம் ஏறுவார்கள். குளிர்காலத்தில் முதன்முறையாக ஏறியவர்கள் போலந்து வீரர்கள் இருவர், 1980 பிப்ரவரி 17 அன்று. உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தைக் குளிர்காலத்தில் தொடுவதற்கு 2021 ஜனவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று நேபாள வீரர்கள் 10 பேர் சேர்ந்து உச்சியை அடைந்தார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? குளிர், புயல் போன்ற காற்று, குறைந்த பகல் நேரம். குளிர்காலத்தில் காற்றழுத்தமும் குறைவதால், அதே உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கோடையைவிடக் குறைவு.

அப்பாவும் மகனும்: கே2வில் என்ன நடந்தது?

காம்யா கதை இனிப்பாக முடிந்த கதை. இதே விஷயத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளணும்.

பாகிஸ்தானின் புகழ்பெற்ற மலையேற்ற வீரர் முகமது அலி சத்பரா. நங்கா பர்வத் சிகரத்தில் 2016ல் முதல் குளிர்கால ஏற்றத்தை முடித்த மூவரில் ஒருவர். 2021 பிப்ரவரியில் தன் மகன் சாஜித் சத்பராவோடு கே2வில் குளிர்கால ஏற்றத்துக்குப் போனார். ஐஸ்லாந்தின் ஜான் ஸ்னோரி, சிலியின் ஹுவான் பாப்லோ மோர் ஆகியோரும் அப்போது ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 5 அன்று, சுமார் 8,200 மீட்டர் உயரத்தில் 'பாட்டில்நெக்' என்ற குறுகலான பகுதியில் சாஜித்தின் ஆக்சிஜன் கருவி பழுதானது. மகனைக் கீழே இறங்கச் சொன்னார் அப்பா. சாஜித் இறங்கி முகாமில் காத்திருந்தார். மேலே போன மூன்று பேரும் திரும்பவே இல்லை.

அதே ஆண்டு ஜூலை கடைசியில் அவர்களின் உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தேடிப் போனவர்களில் சாஜித்தும் ஒருவர். அப்பாவின் உடலை மலையிலேயே பாதுகாப்பான ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் அவர் இறங்கினார். பிறகு 2023 மே மாதம் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட்டில் ஏறினார்.

இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயம் தெளிவு. 'நீ இறங்கு' என்று அப்பா சொன்னார், மகன் கேட்டார். அதனால்தான் மகன் இன்று இருக்கிறார். உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்வதும் கஷ்டம், கேட்பதும் கஷ்டம். கல்வராயனில் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் தேவைப்படாது. ஆனால் இந்த ஒரு பாடம் 3,000 அடிக்கும் பொருந்தும், 8,000 மீட்டருக்கும் பொருந்தும்.

நம்ம ஊரில் ஏன் மார்கழி, தை?

தமிழ்நாட்டில் பனி ஏறுவது கிடையாது. நமக்குக் குளிர்காலம் என்பது இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் இடைவெளி.

முதல் ஆபத்து மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை தீபமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மழையில் ஊறிய மலை மழை நின்ற மறுநாளே பாதுகாப்பாகிவிடாது. பாறை இடுக்கில் இறங்கிய தண்ணீர் வடிய நாள் பிடிக்கும்.

இரண்டாவது ஆபத்து தீ. தை கடைசியில் புல் காய ஆரம்பிக்கும். மாசி, பங்குனியில் ஒரு தீப்பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் இறுகின. இப்போதும் தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம்.

ஆக, மழை ஓய்ந்து காடு காயாமல் இருக்கும் மார்கழிக் கடைசியில் இருந்து தை முடிய உள்ள ஐந்தாறு வாரம்தான் நமக்கு நல்ல காலம். பொங்கல் விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் பிள்ளையும், வயல் வேலை ஓய்ந்த அப்பாவும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாட்கள் அவை.

கல்வராயன் மலை: தெரிந்துகொள்ள வேண்டியவை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக இருக்கிறது கல்வராயன். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்துக்குள்ளும் போகிறது. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், சுமார் 4,000 அடி.

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலைக்கு ரோடு போகிறது. மேலே கரியாலூர், வெள்ளிமலை போன்ற ஊர்கள். மேகம், பெரியார் அருவிகளைப் பார்க்கத்தான் பெரும்பாலானோர் போகிறார்கள்.

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 4,000 அடி என்பது 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருப்பதைவிட மேலே ஆறேழு டிகிரி குளிர் அதிகம். ஒரு ஸ்வெட்டர், காதை மறைக்கும் குல்லா, காற்றைத் தடுக்கும் ஒரு மேலாடை போதும். உயரத்தால் வரும் மூச்சுத்திணறல், தலைவலி எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். கல்வராயனில் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் பெற்றோரோடு தொடங்க இது நல்ல மலை.

ஒரு விஷயம் மனசில் வைக்கணும். இந்த மலை அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர். மலையாளி என்றால் கேரளக்காரர் என்று நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ். நமக்குச் சாகசமாகத் தெரியும் ஒற்றையடிப் பாதை, அவர்களுக்குப் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வழி. அவர்கள் வீட்டு வாசலையும் கோயில்களையும் கேட்காமல் போட்டோ எடுப்பது, தண்ணீர் எடுக்கும் ஓடையில் பிளாஸ்டிக்கைப் போடுவது இதெல்லாம் வேண்டாம். வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிப் போனால் உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கு ஒரு நாள் வருமானம்.

ஐந்து குளிர்காலம், ஐந்து மலை

ஏழு கண்டத்துக்குப் போக எல்லோராலும் முடியாது. லட்சக்கணக்கில் செலவாகும். ஆனால் கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு குடும்பம், வருடத்துக்கு ஒரு மலை என்று ஐந்து வருடத்தில் முடிக்கும்படி ஒரு பட்டியல் போடலாம். இது ஒரு மாதிரிதான், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வருடம், கல்வராயன். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் நடை. நோக்கம் உச்சி இல்லை. அப்பாவோட நடை வேகம் என்ன, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருகிறார், இறங்கும்போது முட்டி வலிக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான்.

இரண்டாவது வருடம், கொல்லிமலை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். களைத்த பிறகு ஏறுவது எப்படி இருக்கும் என்று இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது வருடம், பர்வதமலை. திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் பக்கம், சுமார் 4,500 அடி. மார்கழி முதல் நாள் இங்கே கிரிவலத்துக்குக் கூட்டம் அதிகம், அதைத் தவிர்த்து வேறு நாள் போகலாம். மேலே கடப்பாறை நெட்டு என்ற பகுதியில் இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறணும். உயரம் பார்த்தால் பயப்படும் அம்மாவா, தலைசுற்றும் அப்பாவா என்று இங்கே தெரியும். தெரிந்தால், அங்கேயே நிறுத்தலாம்.

நான்காவது வருடம், கோவை வெள்ளியங்கிரி. ஏழு மலை. பிப்ரவரியில் இருந்து மே வரைதான் வனத்துறை அனுமதி தரும். கோடை உக்கிரமாகும் முன் பிப்ரவரியிலேயே போவது நல்லது. ஒவ்வொரு சீசனிலும் இங்கே மூச்சுத்திணறல், மாரடைப்பால் இறப்புச் செய்திகள் வருகின்றன. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இந்த மலையைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடலாம்.

ஐந்தாவது வருடம், உண்மையான பனி. உத்தராகண்டின் கேதார்காந்தா, சுமார் 12,500 அடி. டிசம்பரில் இருந்து மார்ச் வரை பனியில் நடக்கும் பாதை இது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடுதான் போகணும். இங்கே உயர நோய் வர வாய்ப்பு உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் ஏறுவதை நிறுத்தணும். குறையாவிட்டால் உடனே இறங்கணும், அதுதான் மருந்து.

அப்பா, அம்மாவின் உடம்புக்கு எதைக் கவனிக்கணும்?

முப்பது வயதுக்குப் பிறகு, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் குறைந்துகொண்டே போகும். தொடர்ந்து நடப்பவர்களுக்கு இந்தக் குறைவு மெதுவாக நடக்கும். அதனால் மலைக்குப் போகும் நாளைவிட, அதற்கு முந்தைய மூன்று மாதம் முக்கியம்.

- வாரத்துக்கு நான்கைந்து நாள் வேகமான நடை. கடைசி ஒரு மாதம் படிக்கட்டு ஏறி இறங்கும் பழக்கம்.
- சுகர், பிபி இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிக்கணும். நீண்ட நேரம் நடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். இன்சுலின் போடுபவர்கள் பையில் இனிப்பு வைத்திருக்கணும்.
- ஏறும்போது திணறுவது மூச்சு, இறங்கும்போது திணறுவது முட்டி. விபத்துகள் நிறைய நடப்பது இறக்கத்தில்தான். ஒரு நல்ல ஊன்றுகோல் முட்டியின் சுமையைக் குறைக்கும்.
- குளிரில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர்.
- வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பது தாமதமாகத்தான் தெரியும். 'எனக்கு ஒண்ணும் குளிரலப்பா' என்று சொன்னாலும் கையைத் தொட்டுப் பாருங்கள்.
- கூட்டத்தின் வேகம் எப்போதும் மெதுவாக நடப்பவரின் வேகம். அவரைக் கடைசியில் விடாமல் முன்னால் நடக்க விடுங்கள்.

'திரும்பிடலாம்' என்று யார் சொல்வது?

பட்டியல் போடுவது ஒரு இரவு வேலை. அதை முடிப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

நம்ம வீடுகளில் இது சுலபம் இல்லை. அப்பா முடியவில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். பிள்ளை ஆசைப்பட்டதைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைப்பார். பிள்ளையும் 'அப்பா, போதும்ப்பா' என்று சொல்லத் தயங்கும். அவரைக் கிழவனாக்கிவிட்ட மாதிரி இருக்குமே என்ற கூச்சம். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பேசாமல் நடப்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மலையேற்றக்காரர்கள் கடைப்பிடிக்கும் வழி, முடிவை மலைக்குப் போகும் முன்பே எடுத்துவிடுவது. மூன்று விஷயத்தை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, திரும்பும் நேரம். மார்கழியில் நம்ம பகுதியில் பகல் பொழுது சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதியம் பன்னிரண்டுக்கு எங்கே இருந்தாலும் திரும்பணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி நூறு அடியில் இருந்தாலும் சரி.

இரண்டு, ஒரு ஓட்டு போதும். நான்கு பேர் போகிறார்கள் என்றால், ஒருவர் 'திரும்பலாம்' என்று சொன்னாலே எல்லோரும் திரும்பணும். காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது.

மூன்று, திரும்பியது தோல்விக் கணக்கில் வராது. அந்த மலை அடுத்த குளிர்காலத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஐந்து வருடத் திட்டம் ஆறு, ஏழு வருடம் ஆகலாம்.

அதே சமயம் தள்ளிப்போடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. பட்டியல் காத்திருக்கும், அப்பாவோட முட்டி காத்திருக்காது. அதனால் கஷ்டமான மலையைக் கடைசிக்கு வைப்பதா, பெற்றோருக்குத் தெம்பு இருக்கும்போதே முன்னால் வைப்பதா என்று யோசித்து வரிசை போடுங்கள். அப்பாவுக்கு இப்போதே 55 தாண்டிவிட்டது என்றால் பட்டியலை மூன்றாகச் சுருக்குவது புத்திசாலித்தனம். மூன்றை முடிப்பது, ஐந்தைப் பாதியில் விடுவதைவிட நல்லது.

அனுமதி வாங்குவது எப்படி?

காப்புக்காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். ரோடு, ஊர்ப்பாதை வழியாகப் போகலாம். அதைத் தாண்டி வனப்பகுதிக்குள் நடக்கணும் என்றால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். மழை எச்சரிக்கை இருந்தாலோ அருவியில் வெள்ளம் வந்தாலோ மேகம் போன்ற அருவிகளுக்குப் போகத் தடை இருக்கும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்பது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பழங்குடி மற்றும் உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. பெற்றோரோடு முதன்முறை போகிறவர்கள் எளிது என்று குறிக்கப்பட்ட பாதையில் தொடங்குவது நல்லது.

கிளம்பும் முன் கடைசியாக

எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் இருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அவசரத்துக்கு 108, 112 எண்கள். டார்ச், விசில், கட்டுத்துணி, பெற்றோரின் வழக்கமான மாத்திரை இரண்டு வேளைக்கு. தீப்பெட்டி வேண்டாம், அடுப்பு மூட்டும் ஆசையும் வேண்டாம்.

காம்யா மூன்று வயதில் ஏறிய லோனாவாலா மலைகளும் நம்ம கல்வராயன் போல நடுத்தர உயரம் உள்ளவைதான். அங்கே அவரைக் கூட்டிப் போக வீட்டில் ஒருவர் ஒரு நாள் ஒதுக்கினார். உங்கள் வீட்டில் அந்த நாளை இந்தத் தை மாதக் காலண்டரில் இன்றைக்கே குறித்துவிடுங்கள். குறித்த பிறகு அப்பாவிடம் கேளுங்கள், 'வர்றீங்களாப்பா?' என்று.